மொட்டை மாடியில் சோலார், கீழே பாத்ரூம்: ஷவரில் சுடுதண்ணீர் வர 5 நிமிடம் ஆகிறது

வடவள்ளி_வீடு
திங்கள், காலை 6:40

எல்லோருக்கும் வணக்கம். கோவை வடவள்ளியில் புது வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. தரைத்தளமும் ஒரு மாடியும். மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர், கண்ணாடிக் குழாய் வகை. அப்பாவுக்கு 74 வயது. மார்கழி முழுக்கக் காலை 5 மணிக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார். கீழே அவருடைய பாத்ரூமில் ஷவரைத் திறந்தால் நாலைந்து நிமிடம் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. துண்டைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி நிற்கிறார். நேற்று பொறுமை இல்லாமல் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு வந்துவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

வீடு கட்டிக் கொடுத்தவரிடம் கேட்டால், “சோலார் என்றால் அப்படித்தான் சார்” என்கிறார். ஆனால் தினமும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. சில நாள் இரண்டு நிமிடத்தில் நல்ல சூடாக வந்துவிடும். சில நாள் எவ்வளவு நேரம் திறந்துவிட்டாலும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். மாடி பாத்ரூமில் தம்பி குடும்பம், அவர்களுக்குப் பெரிய குறை இல்லை. சுவரை உடைக்காமல் ஏதாவது வழி உண்டா? வீணாகப் போவது சிறுவாணித் தண்ணீர் வேறு, பார்க்கவே வேதனையாக இருக்கிறது.


ஆற்றங்கரை
திங்கள், காலை 7:15

கீழ் பாத்ரூமில் ஒரு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் மாட்டிவிடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் கேஸ் கீசர். எங்கள் வீட்டில் பாத்ரூமுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். திறந்த உடனே கொதிக்கக் கொதிக்க வருகிறது.


மின்வேலை_சேலம்
திங்கள், காலை 8:02

ஆற்றங்கரை, முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். கேஸ் கீசரை இன்றைக்கே பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மூடிய சின்ன அறையில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றுவது போல் இருக்கும், கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. நம் நாட்டில் குளிக்கப் போன இடத்திலேயே இப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். மாற்றிவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள், நிம்மதியாக இருக்கும்.

வடவள்ளி சார், 3 லிட்டர் கீசரைப் பற்றி. அது பெரும்பாலும் 3 கிலோவாட். உள்ளே இருக்கும் 3 லிட்டர் தீர்ந்த பிறகு, தண்ணீரை 15 டிகிரி சூடேற்றிக் கொடுப்பதென்றால் நிமிடத்துக்கு 3 லிட்டர் கூட முழுசாக வராது. வாளிக்குப் பிடித்துக் குளிக்கப் போதும், ஷவருக்குப் போதாது. 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பிளக் பாயின்ட்டில் மாட்டக் கூடாது. தனி 4 சதுர மி.மீ. ஒயர், தனி பிரேக்கர், எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) எல்லாம் இருக்க வேண்டும். பெரியவர் தனியாகக் குளிக்கும் இடம், இதில் எதையும் விட்டுவிடாதீர்கள்.


குழாய்க்காரர்
திங்கள், காலை 9:30

தம்பி, பொள்ளாச்சிப் பக்கம் 26 வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை அப்பாவுக்கு முன்னால் நீங்கள் எழுந்து, சூடான பக்கத்தை மட்டும் முழுசாகத் திறந்து, கை பொறுக்கும் சூடு வரும்வரை எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்து பாருங்கள். எத்தனை நிமிடம் என்றும் பாருங்கள். அப்புறம் மாடிக்குப் போய் சோலார் தொட்டியிலிருந்து கீழ் ஷவர் வரை பைப் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் எத்தனை இன்ச் என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பைப்புக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்க முடியுமோ அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் பச்சைத் தண்ணீர் வர வேண்டும். மிக அதிகமாக வந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

“சில நாள் சரி, சில நாள் வெதுவெதுப்பு” என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பைப் நீளம் நாளுக்கு நாள் மாறாது.


செம்பருத்தி
திங்கள், காலை 11:10

என் பாட்டி வீட்டில் செப்புப் பாய்லர் இருந்தது. நடுவில் ஒரு புகைக்குழாய், அதற்குள் கொட்டாங்கச்சியும் தேங்காய் மட்டையும் போட்டுப் பற்றவைப்பார்கள். அது குளியலறைச் சுவரை ஒட்டியே இருக்கும், திறந்தால் அடுத்த நொடி வெந்நீர். கதகதப்பும் அந்தப் புகை வாசமும் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. இப்போது சூடேற்றுவது மொட்டை மாடியில், குளிப்பது கீழே. வீட்டுப் பிளான் போடும்போதே பாத்ரூம்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அவற்றுக்கு நேர் மேலே சோலாரை வைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். வீடு கட்டப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.


வடவள்ளி_வீடு
செவ்வாய், காலை 6:25

அளந்துவிட்டேன் அண்ணா. இரண்டு வாளி வைத்து மாற்றி மாற்றிப் பிடித்தேன். மொத்தம் 29 லிட்டர். கிட்டத்தட்ட 5 நிமிடம். அதற்குப் பிறகும் நல்ல சூடு இல்லை, வெதுவெதுப்புக்குக் கொஞ்சம் மேலே.

பைப் வழி: சோலார் தொட்டியிலிருந்து மொட்டை மாடியைச் சுற்றி வந்து, சமையலறைப் பக்கம் இறங்கி, அங்கிருந்து அப்பா பாத்ரூமுக்குப் போகிறது. 1 இன்ச் சிபிவிசி (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) 17 மீட்டர், கடைசியில் முக்கால் இன்ச் 5 மீட்டர். மாடி பாத்ரூமுக்கு நடுவில் T வடிவ இணைப்பில் ஒரு கிளை பிரிகிறது. மொட்டை மாடியில் இருக்கும் பைப்பில் இன்சுலேஷன் எதுவும் இல்லை.


இயற்பியல்_டீச்சர்
செவ்வாய், மாலை 5:50

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஸ்டிஆர் 11 (பைப் சுவரின் தடிமன் அளவு) சிபிவிசி பைப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்குள் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய இவ்வளவு: 1 இன்ச்சில் 0.43 லிட்டர், முக்கால் இன்ச்சில் 0.26, அரை இன்ச்சில் 0.12. உங்கள் 17 மீட்டருக்கு 7.3 லிட்டர், 5 மீட்டருக்கு 1.3. மொத்தம் 8.6 லிட்டர். முன்னால் வரும் சுடுதண்ணீர் பைப்பையும் சூடாக்கிக்கொண்டே வர வேண்டும், பழைய தண்ணீரோடு கொஞ்சம் கலக்கவும் செய்யும். அதனால் ஒன்றரை மடங்கு என்று வைத்தாலும் 13 லிட்டர். நீங்கள் பிடித்தது 29. மீதி 16 லிட்டர் பச்சைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். குளித்து முடித்ததும் அதே 8.6 லிட்டர் சுடுதண்ணீர் பைப்பிலேயே நின்று ஆறிப்போகிறது. 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானது என்றால் அதில் இருக்கும் வெப்பம் சுமார் 0.35 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நாலு பேர் இடைவெளி விட்டு விட்டுக் குளித்தால் 34 லிட்டருக்கு மேல் சுடுதண்ணீர் பைப்புக்கே போய்விடும். 200 லிட்டர் தொட்டியில் அது சின்னப் பங்கில்லை. பைப் பெருத்தால் நல்லது என்ற எண்ணம் சுடுதண்ணீர் லைனில் நம்மை ஏமாற்றிவிடுகிறது.


டொரண்டோ_தமிழ்
செவ்வாய், இரவு 8:15

இங்கே எங்கள் வீட்டில் சுடுதண்ணீர்த் தொட்டி பேஸ்மென்ட்டில் இருக்கிறது. கடைசி பாத்ரூமிலிருந்து ஒரு ரிட்டர்ன் லைன் தொட்டிக்குத் திரும்புகிறது. சில பழைய வீடுகளில் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறியது தானாக இறங்கும், எப்போது திறந்தாலும் சூடு. நாங்கள் பம்ப் வைத்திருக்கிறோம், பட்டனை அழுத்தினால்தான் ஓடும். சென்சார் இருக்கும் இடத்துக்குச் சூடு வந்ததும் நின்றுவிடும். பல் தேய்த்து முடிப்பதற்குள் ஷவர் தயார். உங்களுக்கும் இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.


இயற்பியல்_டீச்சர்
செவ்வாய், இரவு 9:05

பம்ப் இல்லாத ஏற்பாடு இங்கே நடக்காது. இவர் வீட்டில் சூடு தலைக்கு மேலே இருக்கிறது. சூடான தண்ணீர் லேசானது, மேலேயே தங்கிவிடும், ஆறிய தண்ணீர் கீழேயே நிற்கும். அதைச் சுற்றவைக்க எதுவும் இல்லை. பட்டன் பம்ப் முடியும், ஆனால் திரும்பிப் போக இன்னொரு பைப் மொட்டை மாடி வரை வேண்டும். 24 மணி நேரமும் ஓடவிடுவது மட்டும் கூடவே கூடாது. தொட்டியில் மேலே சூடும் கீழே குளிரும் அடுக்காக நிற்பதால்தான் காலையில் முதலில் குளிப்பவருக்கு நல்ல சூடு கிடைக்கிறது. பம்ப் அதைக் கலக்கிவிடும், பைப் முழுக்க ராத்திரியெல்லாம் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வெயில் வந்து திரும்பச் சூடாக்கும்வரை வேறு வழியும் இல்லை.


குழாய்க்காரர்
செவ்வாய், இரவு 9:40

டீச்சரம்மா கணக்கு சரியாக இருக்கிறது. தம்பி, மூன்று கேள்வி. வீட்டில் பிரஷர் பம்ப் இருக்கிறதா? இருந்தால் எந்த லைனில்? மாடி பாத்ரூமில் கையில் பிடிக்கும் ஹேண்ட் ஷவர் உண்டா, அதன் முனையில் அழுத்தும் பட்டன் இருக்கிறதா? மொட்டை மாடியில் சோலார் தொட்டியின் ஏர் வென்ட் குழாய் (காற்று போக மேலே திறந்திருக்கும் குழாய்) அடியில் தரை ஈரமாக இருக்கிறதா?


வடவள்ளி_வீடு
புதன், காலை 6:10

அண்ணா, நேரில் வந்து பார்த்தது போல் கேட்கிறீர்கள். பிரஷர் பம்ப் இருக்கிறது. மாடியில் ரெயின் ஷவருக்குத் தண்ணீர் வேகம் போதவில்லை என்று ஆறு மாதம் முன்னால் வைத்தோம். பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும். ஹேண்ட் ஷவர் உண்டு, முனையில் பட்டனும் உண்டு. தம்பி ஒருமுறை சூடு பதமாக இரண்டு பக்கமும் திருகி வைத்துவிட்டு, பட்டனிலேயே திறந்து மூடிக்கொள்கிறான். மிக்சரை (சூடும் பச்சையும் கலக்கும் குழாயை) மூடுவதே இல்லை. வென்ட் அடியில் பாசி பிடித்திருக்கிறது. ராத்திரியில் யாரும் குழாய் திறக்காமலே பம்ப் அவ்வப்போது ஓடும் சத்தம் கேட்கும். ஏதோ கசிவு என்று நினைத்திருந்தேன்.


குழாய்க்காரர்
புதன், காலை 7:00

கண்டுபிடித்துவிட்டோம். மிக்சருக்குள் சூடும் பச்சையும் ஒரே அறையில் சேர்கின்றன. இரண்டு பக்கமும் திறந்திருக்க, முனையில் பட்டன் மூடியிருந்தால் அந்த அறை இரண்டு லைனுக்கும் நடுவே திறந்த வழி ஆகிவிடுகிறது. பச்சைப் பக்கம் பம்ப்பின் அழுத்தம், சூடான பக்கம் தொட்டி உயரத்தின் அழுத்தம் மட்டும். அது மாடியில் 3 மீட்டர் கூட இருக்காது. எனவே பச்சைத் தண்ணீர் சூடான லைனுக்குள் புகுந்து மேலே சோலார் தொட்டிக்கே போகிறது. போதாததற்கு வென்ட் வழியாக வழிகிறது. அப்பா கீழே திறக்கும்போது சூடான லைனில் அழுத்தம் இன்னும் குறையும், மாடி மிக்சர் வழியாகப் பச்சைத் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கும். அந்த 16 லிட்டர் இதுதான். தம்பி மிக்சரை மூடிய நாளில் சரியாக வருகிறது, மூடாத நாளில் வெதுவெதுப்பு.

இன்றைக்கு மிக்சரின் இரண்டு பக்கத்தையும் மூடச் சொல்லுங்கள். நாளைக் காலை திரும்ப அளந்து பாருங்கள். கையில் காசு செலவழிக்காதீர்கள்.


குன்னூர்_குளிர்
புதன், மதியம் 1:20

இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு மிக்சரைப் போய்ப் பார்த்தேன், அதுவும் திறந்துதான் இருந்தது. இன்சுலேஷன் பற்றி என் அனுபவம்: கறுப்பு நைட்ரைல் ரப்பர் குழாயைப் பைப்புக்கு மேல் போட்டிருக்கிறோம். ஒருவர் குளித்து அரை மணி நேரத்துக்குள் அடுத்தவர் போனால் உடனே சூடு வருகிறது. ஆனால் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரை அது காப்பாற்றாது. காலையில் முதலில் குளிப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும். வடவள்ளி அப்பாதான் வீட்டில் முதல் ஆள், அதனால் இன்சுலேஷனை மட்டும் நம்பாதீர்கள்.


வடவள்ளி_வீடு
வியாழன், காலை 5:35

13 லிட்டர். 2 நிமிடம் 10 நொடி. நல்ல சூடு. டீச்சர் சொன்ன கணக்கு அப்படியே வந்திருக்கிறது. ராத்திரி பம்ப் ஒருமுறை கூட ஓடவில்லை. அப்பா இன்று வெந்நீரில் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை அண்ணா, டீச்சர்.

ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்து மிக்சரைத் திறந்துவிட்டுப் போனால் திரும்பவும் இதே கதைதானே? 2 நிமிடத்தையும் குறைக்க வழி உண்டா?


குழாய்க்காரர்
வியாழன், காலை 8:45

மாடி பாத்ரூமுக்குப் பிரியும் சூடான லைனில் ஒரு என்ஆர்வி (ஒரு திசையில் மட்டும் தண்ணீரை விடும் வால்வு) போடுங்கள், தண்ணீர் திரும்பி வராது. ஸ்பிரிங் வகை வேண்டாம். சோலார் லைனில் அழுத்தம் குறைவு, ஸ்பிரிங்கைத் தள்ளவே பாதி போய்விடும். ஸ்விங் வகை வாங்கி, அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கும்படி படுக்கைவசமாகப் போட வேண்டும். ஒருவர் “சூடான லைனுக்கும் பம்ப் வைத்துவிடலாம்” என்பார், இன்னொருவர் “சோலார் தொட்டிக்கு உள்ளே போகும் லைனில் பம்ப் வைக்கலாம்” என்பார். இரண்டாவதை மட்டும் செய்துவிடாதீர்கள். உங்களுடையது வென்ட் வைத்த சாதாரணத் தொட்டி, அழுத்தம் தாங்காது, வெடித்துவிடும்.

2 நிமிடத்தைக் குறைக்க என்றால், அப்பா பாத்ரூமுக்கு மட்டும் தனி அரை இன்ச் லைன். சமையலறைப் பக்கம் சுற்றாமல், சோலார் தொட்டியிலிருந்து நேராக வெளிச்சுவரில் இறக்கி, ஷவர் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவரலாம். டைல்ஸ் உடைக்கத் தேவையில்லை. எத்தனை மீட்டர் வரும் என்று அளந்து சொல்லுங்கள்.


மின்வேலை_சேலம்
வியாழன், காலை 10:15

அரை இன்ச்சில் தண்ணீர் வேகம் குறைந்துவிடாதா அண்ணா? என் வீட்டிலும் இதைச் செய்யலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் என்னுடையது மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பாத்ரூம்.


இயற்பியல்_டீச்சர்
வியாழன், மாலை 6:00

தரைத்தளத்துக்கு ஒத்துவரும். தொட்டிக்கும் கீழ் ஷவருக்கும் ஐந்தாறு மீட்டர் உயரம் இருக்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும்போது 15 மீட்டர் அரை இன்ச் பைப்பில் உராய்வால் போவது சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தின் அழுத்தம்தான். எல்போக்களுக்கு (பைப் வளைவுகளுக்கு) இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் மிச்சம் நிறைய இருக்கிறது. உங்களுக்கு மேலே இருப்பது 2 அல்லது 3 மீட்டர்தான் சேலம் சார். அதில் ஒன்றரை போனால் ஷவர் சொட்டும். உங்களுக்கு முக்கால் இன்ச்சே சரி. மாடிக்கு நேர் கீழே என்றால் பைப் நீளமும் குறைவு, காத்திருப்பும் குறைவு.


ஆற்றங்கரை
வியாழன், இரவு 7:30

சேலம் சார், கேஸ் கீசரைப் பால்கனிக்கு மாற்றியாகிவிட்டது. என் மனைவி சில நாள் குளித்துவிட்டு வரும்போது தலை பாரமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். வெந்நீரால் என்று நினைத்தோம். உங்களுக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.


மின்வேலை_சேலம்
வியாழன், இரவு 7:48

நிம்மதி. பாத்ரூம் வென்டிலேட்டரையும் மூடாமல் வையுங்கள். பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைக்கும் எண்ணம் பின்னால் வந்தால் கீசர் அங்கே இருப்பதை மறந்துவிடாதீர்கள்.


வடவள்ளி_வீடு
அடுத்த திங்கள், காலை 5:50

வேலை முடிந்தது. வெளிச்சுவர் வழியாக 14 மீட்டர்தான் வந்தது. அரை இன்ச் சிபிவிசி, முழுக்க நைட்ரைல் இன்சுலேஷன், மாடி லைனில் ஸ்விங் என்ஆர்வி. உள்ளூர் பிளம்பர் முதலில் “அரை இன்ச்சா, எதற்கு சார்?” என்று தயங்கினார். டீச்சர் எழுதியதைப் படித்துக் காட்டினேன், ஒப்புக்கொண்டார். மொட்டை மாடியில் பைப்பை மேலும் கீழுமாக வளைக்காமல் ஒரே சரிவாகக் கொண்டுவரச் சொன்னேன், காற்று சிக்கி ஏர் லாக் ஆகாமல் இருக்க.

இன்று காலை அளந்தேன். 3 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, 33 நொடி. அந்த 3 லிட்டரையும் அம்மா வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார். 29 லிட்டரிலிருந்து இங்கே வந்திருக்கிறோம். நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு மிச்சம் என்று நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

அப்பா ஷவரைத் திறந்துவிட்டு, “அதுக்குள்ள வந்துருச்சா?” என்று கேட்டார்.


குழாய்க்காரர்
அடுத்த திங்கள், காலை 8:20

ரொம்பச் சந்தோஷம் தம்பி. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெயில் படும் இடத்தில் அந்தக் கறுப்பு ரப்பர் இரண்டு மூன்று வருடத்தில் வெடித்து உதிர்ந்துவிடும். அதன் மேல் அலுமினியம் டேப் சுற்றிவிடுங்கள். தெற்குப் பார்த்த சுவராக இருந்தால் கீழ் வரைக்கும் சுற்றுங்கள். உங்கள் பகுதியில் போர் தண்ணீரும் கலந்து வந்தால் வருடம் ஒருமுறை சோலார் தொட்டியைத் திறந்து உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.


வடவள்ளி_வீடு
அடுத்த திங்கள், காலை 8:55

தெற்குச் சுவர்தான் அண்ணா. சாயங்காலம் டேப் வாங்கி வந்து சுற்றிவிடுகிறேன்.